மீளுதல் என்னும் ஒரு சொல்



ஊரில் பதினேழு வருடங்கள் தமிழும் வரலாறும் கற்பித்தவன் நான். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்குமாயின், எப்பொருளில் அதனை ஆளுகிறோம் என்பதை வாக்கியமே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கரும்பலகையின் முன் நின்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பாடத்தை நானே மறந்து நின்ற ஒரு பிற்பகலைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். உரிய குடும்பத்தினரின் சம்மதத்துடனேயே எழுதுகிறேன். அவர்களை இனங்காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்துள்ளேன்.

இந்நகரில் வாழும் நம்மவர் குடும்பமொன்றின் எட்டு வயது மகன் குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தான். சிகிச்சை ஆரம்பித்து இரண்டு வருடங்கள் கடந்திருந்தன. உதிர்ந்த தலைமுடி வளர்ந்துவிட்டது. பாடசாலைக்குப் போனான், துடுப்பாட்ட மட்டையையும் மறுபடி கையில் எடுத்திருந்தான். வீட்டார் நோயை ஏறக்குறைய மறந்திருந்த வேளையில், காலையில் எழும்போது தலையிடிக்கிறது என்றான். இரு நாட்கள் வாந்தியெடுத்தான். பாடசாலைக்குப் போகப் பஞ்சிப்படுகிறான் என்று தந்தை எண்ணினார். வெயில் சூடு என்று தாய் எண்ணினார். ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று அவன் சொன்ன அன்றுதான் வைத்தியசாலைக்கு ஓடினார்கள்.

முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசியேற்றி எடுத்த பாய்பொருளைப் பரிசோதித்த பின்னர், வைத்தியர் பெற்றோரை ஓர் அறைக்குள் அழைத்தார். உரைபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்னரே கேட்டிருந்தார்கள். ‘எங்களுக்கு ஆங்கிலம் விளங்கும்’ என்று தந்தை மறுத்துவிட்டார். உரைபெயர்க்க வருபவரும் நம்மவராகவே இருப்பார், வீட்டு விடயம் வெளியே போய்விடும் என்ற அச்சமே காரணம். பழைய வாத்தியார் என்ற நம்பிக்கையில் என்னை மட்டும் துணைக்கு அழைத்திருந்தார்கள். நானும் பெரிய மனிதனாக அங்கே போய் அமர்ந்திருந்தேன்.

வைத்தியர் நிதானமாக, எதையும் மறைக்காமற் சொன்னார். தந்தை தலையைக் குனிந்துகொண்டார். தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடுஞ்சொல்லைத் தவிர்க்க வேண்டுமென்ற எண்ணத்தில், ‘மூளைப் பக்கத்தில் மீண்டிருக்கிறது, தங்கச்சி’ என்றேன்.

‘மீண்டிட்டானோ சேர்? முருகா!’

இரு கைகளையும் கூப்பியபடி அந்தத் தாய் அழுதார். எழுந்து சென்று வைத்தியரின் கைகளைப் பற்றி நன்றி சொன்னார். வைத்தியர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

மீளுதல் என்றால் தப்பி வெளியேறுதல். மீளுதல் என்றால் திரும்பி வருதலுந்தான். நோயிலிருந்து பிள்ளை மீண்டான் என்பதற்கும், பிள்ளையிடம் நோய் மீண்டது என்பதற்கும் வினை ஒன்றே. இதனை அறியாதவனா நான்? ‘இல்லைத் தங்கச்சி. வருத்தம் திரும்பி வந்திட்டுது. இந்தமுறை மூளையைச் சுற்றியிருக்கிற நீரிலை’ என்று இரண்டாம் தடவை சொன்னேன். ஒரு தாய்க்கு அச்செய்தியை ஒரு முறை சொல்வதே கொடுமை. நானோ ஒரு நிமிட மகிழ்ச்சியைக் கொடுத்து, அதனைப் பறித்து, அதன் பின்னர் சொன்னேன்.

அன்று தொடக்கம் இந்நோயைப் பற்றி வாசித்தும் வினவியும் வருகிறேன். நான் வைத்தியன் அல்லன். எனினும் அறிந்துகொண்டவற்றை எளிய தமிழில் நம்மவர்க்குச் சொல்வதே அந்தப் பிழைக்கு நான் செய்யக்கூடிய பரிகாரம்.

நோய் ஒளிந்திருக்கும் இடம்

சிறுவர்க்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது கடும் நிணநீர்க்கலக் குருதிப்புற்றுநோயாகும். என்பு மச்சையில் முதிர்ச்சியடையாத வெண்கலங்கள் கட்டுக்கடங்காமற் பெருகி, நல்ல குருதிக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றன. 1940களின் நடுப்பகுதி வரை இந்நோய் வந்த பிள்ளை சில மாதங்களுக்குள் இறப்பது உறுதி.

அந்நிலையை முதலில் அசைத்தவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி ஃபாபர். அவர் பயன்படுத்திய அமினொப்ரெரின் என்னும் மருந்து சில பிள்ளைகளின் நோயைத் தற்காலிகமாக அடக்கியது என்ற செய்தி 1948இல் வெளியாயிற்று. அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுகூடக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது நம்மிற் பலர் அறியாதது. ஆந்திர நாட்டில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர் அவர். அம்மருந்தின் உடன்பிறப்பான மெதோற்றெக்சேற் இன்றும் இந்நோய்க்கான சிகிச்சையின் முதுகெலும்பாக உள்ளது. பின்னர் வந்த வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து, நம் முற்றங்களில் பூசைக்குப் பறித்த நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. நாம் பட்டிப்பூ என்று அழைத்த அதே செடிதான்.

மருந்துகள் பெருகின. குருதியில் நோய் மறைந்தது. பிள்ளைகள் விளையாடினார்கள். ஆனால் சில மாதங்களின் பின்னர் தலையிடி, வாந்தி, முகம் ஒருபக்கம் கோணுதல், வலிப்பு என்று பலர் திரும்பி வந்தார்கள். குருதி சுத்தமாகவே இருந்தது. மூளையைப் போர்த்திருக்கும் மென்சவ்வில் நோய் வேர்விட்டிருந்தது. அக்காலத்தில் நோய் அடங்கிய பிள்ளைகளிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு இவ்வாறே நேர்ந்தது.

இதன் காரணத்துக்கான முதல் அறிகுறியை 1885ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் கண்டிருந்தார். விலங்குகளின் குருதியில் அவர் சாயத்தைச் செலுத்தியபோது ஏனைய உறுப்புகள் யாவும் நிறமேற, மூளை மட்டும் நிறம் மாறாதிருந்தது. குருதியில் ஓடும் கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாதவாறு குருதிக்கலங்களின் சுவரே அங்கு காவல் காக்கிறது. நஞ்சைத் தடுக்கும் அந்தக் காவல் மருந்தையும் தடுத்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே அப்பக்கம் சென்றுவிட்ட சில நோய்க்கலங்கள், வெளியே நடக்கும் போர் தம்மைத் தீண்டாமல் உள்ளே வாழ்ந்திருக்கும். வைத்திய நூல்கள் அவ்விடத்தைப் ‘புகலிடம்’ என்று அழைக்கின்றன. புகலிடம் தேடி இந்நாட்டுக்கு வந்த எனக்கு அச்சொல்லை அவ்விடத்தில் வாசித்தபோது மனம் கூசியது.

இந்தக் கோட்டையைத் திறந்தவர் டொனால்ட் பிங்கெல். மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட சென் ஜூட் சிறுவர் ஆராய்ச்சி வைத்தியசாலையின் முதற் பணிப்பாளர் அவர். அவ்வைத்தியசாலையைத் தோற்றுவித்த டனி தொமஸ் லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். தம்மைப் போன்ற குடியேறிகளின் சமூகத்தைத் திரட்டியே அதற்குப் பணம் சேர்த்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நோய் மூளையில் வெளிப்படும்வரை காத்திராமல், முதலிலேயே தலைக்குக் கதிர்ச் சிகிச்சையும் முள்ளந்தண்டு நீருக்குள் நேரடியாக மெதோற்றெக்சேற் ஊசியும் கொடுத்தார் பிங்கெல். 1967இல் ஆரம்பித்த அந்த ஆய்வில் பிள்ளைகளிற் பாதிப்பேர் நிரந்தரமாகக் குணமடைந்தார்கள். குணமாக்கவே முடியாதது என்று எழுதப்பட்டிருந்த நோய்க்கு அது பெரும் திருப்புமுனை.

ஆனால் வளரும் மூளையிற் பட்ட கதிருக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பிழைத்த பிள்ளைகள் பலர் படிப்பிலும் ஞாபகத்திலும் வளர்ச்சியிலும் பின்தங்கினார்கள். ஆகவே கதிரைக் குறைத்து, முள்ளந்தண்டு ஊசியையும் ஏனைய மருந்துகளையும் செம்மைப்படுத்தினார்கள். அதே வைத்தியசாலையில் சிங்-ஹொன் புய் குழுவினர் 498 நோயாளரை முற்காப்புக் கதிர் இன்றியே சிகிச்சை செய்து 2009இல் முடிவை வெளியிட்டனர். ஐந்து வருடங்களில் நூற்றுக்கு 93.5 வீதமானோர் உயிர் வாழ்ந்தனர். மூளை நரம்புத்தொகுதியில் மட்டும் நோய் திரும்பியோர் 2.7 வீதத்தினரே.

இருந்தும் அந்தச் சிறு வீதத்தில் ஒரு பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்துவிடலாம். அவ்வீட்டாருக்கு அது நூற்றுக்கு நூறு.

1997இல் ஒரு மாணவி

அவ்வறையில் அமர்ந்திருந்தபோது என் நினைவுக்கு வந்தவள் வேறொரு பிள்ளை. 1997ஆம் ஆண்டில் என் வகுப்பில் பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி இருந்தாள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அவளுக்கும் குருதிப் புற்றுநோய் வந்தது. கண்டிவீதி மூடப்பட்டிருந்த காலம் அது. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலை சென்று, அங்கிருந்து தரைவழியே கொழும்பை அடைந்து, மகரகம வைத்தியசாலையில் தகப்பன் அவளைச் சேர்த்தார். நோய் அடங்கியது. சுகம் வந்துவிட்டது என்று ஊர் திரும்பினார்கள். கோயிலில் பொங்கலும் வைத்தார்கள்.

அடுத்த தவணைச் சிகிச்சைக்குப் போவதற்கு அனுமதிப் பத்திரம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது கப்பல் இல்லை. கப்பல் வந்தபோது கையிற் காசு இல்லை. மூன்று மாதங்களின் பின்னர் தலையிடி என்று வகுப்பில் மேசைமேல் தலைவைத்துப் படுத்தாள். வெயிலாக்கும் என்று சொல்லி நானே அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். பின்னர் அவள் வகுப்புக்கு வரவில்லை.

அவளுக்குக் கிடைக்காத அனைத்தும் இந்நாட்டில் நம் பிள்ளைகளுக்கு உண்டு. கிராஃப்ரனில் 1991இல் திறக்கப்பட்ட ஸ்டார்ஷிப் சிறுவர் வைத்தியசாலை, கிறைஸ்ற்சேர்ச் நகர நிலையத்துடன் சேர்ந்து, இந்நாட்டின் இரு சிறுவர் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையங்களுள் ஒன்றாக விளங்குகிறது. சிறுவர் புற்றுநோய் நிறுவனம் 1978 முதல் குடும்பங்களுக்குத் துணை நிற்கிறது. நான் சொன்ன மகனிடம் அவர்கள் கொடுத்த மணிமாலை ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஊசிக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி. கட்டிலில் படுத்திருக்கும் அவனைவிட அந்த மாலை நீளம். எந்த மணி எதற்கு என்று அவன் எனக்கு வரிசையாகச் சொல்லிக் காட்டினான்.

தாய் கேட்ட கேள்வி

‘நான் குளிசை குடுக்க மறந்த நாட்களாலை வந்ததோ சேர்?’ என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். வைத்தியரிடம் கேட்கத் துணியாத கேள்வி அது. அடுத்த சந்திப்பில் நான் வற்புறுத்தி வைத்தியரிடமே கேட்க வைத்தேன். எந்த ஒரு நாளையும் எவரும் சுட்டிக்காட்ட முடியாது என்றும், ஒரு குளிசையும் தவறவிடாத பிள்ளைகளிடமும் நோய் திரும்புவதுண்டு என்றும், தன்னைத் தானே குற்றஞ்சாட்ட வேண்டாமென்றும் அவர் பதில் தந்தார். அந்தத் தாய் அன்றுதான் நிமிர்ந்து இருந்தார்.

ஆனால் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் ஏனைய குடும்பங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இச்சிகிச்சை ஏறக்குறைய இரண்டரை வருடங்கள் நீள்வது. அதன் பிற்பகுதி முழுவதும் வீட்டில் தினமும் கொடுக்கும் குளிசையிலேயே தங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியா குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, உரிய குளிசைகளில் நூற்றுக்கு 95 வீதத்துக்குக் குறைவாக உட்கொண்ட பிள்ளைகளிடம் நோய் திரும்பும் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நூறு நாளில் ஐந்து நாள்தானே என்று எண்ணக்கூடாது. விரதம், திருமண வீடு, நெடும்பயணம் எதுவாயினும் குளிசை நிற்கக்கூடாது. முகம் தெளிந்துவிட்டது, இனி மருந்தெதற்கு என்று அயலவர் கூறும் புத்திமதியைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, குளிசையைக் கொடுங்கள்.

இன்னொன்று, அறிகுறிகள். சிகிச்சை பெறும் அல்லது பெற்று முடித்த பிள்ளை விடியற்காலைத் தலையிடி, காரணமில்லா வாந்தி, இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், வழமைக்கு மாறான தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் எதைக் காட்டினாலும் அன்றைக்கே வைத்தியசாலையுடன் தொடர்புகொள்ளுங்கள். பெரும்பாலும் சாதாரணத் தலையிடியாகவே இருக்கும். அதனைச் சொல்ல வேண்டியவர் வைத்தியரே. நாமல்ல. நான் ஒரு தடவை ‘வெயிலாக்கும்’ என்று சொன்னவன். ஆகையால் இதனைத் துணிந்து எழுதுகிறேன்.

நோய் திரும்பிவிட்டதென்றால் எல்லாம் முடிந்தது என்பதும் பிழை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், முதலில் நோய் அடங்கிப் பதினெட்டு மாதங்களாவது கடந்த பின்னர் மூளை நரம்புத்தொகுதியில் மட்டும் நோய் திரும்பிய பிள்ளைகளில், ஏறக்குறைய நான்கில் மூவர் நான்கு வருடங்களின் பின்னரும் நோயின்றி வாழ்ந்தனர். அதற்கு முன்னரே திரும்பியோரிற் கூட ஏறக்குறைய பாதிப்பேர் அவ்வாறு வாழ்ந்தனர். முள்ளந்தண்டு ஊசி, வீரியமிக்க மருந்துகள், தேவைப்படுவோர்க்கு அளவு குறைத்த கதிர், சிலருக்கு என்பு மச்சை மாற்றீடு என வழிகள் உள்ளன. 2012இல் பிலடெல்பியாவில் எமிலி வைற்ஹெட் என்னும் சிறுமிக்கு அவளுடைய சொந்த நோயெதிர்ப்புக் கலங்களையே பயிற்றிச் செலுத்திக் குணமாக்கியதையும் உலகம் கண்டது. அவ்வாறு பயிற்றிய கலங்கள் மூளைய முண்ணாண் பாய்பொருளுக்குள்ளும் சென்று சேர்வதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். கோட்டை பூட்டியே கிடக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உரைபெயர்ப்பாளரை மறுக்காதீர்கள். இது சலுகையன்று, உரிமை. இவ்வுரிமைக்கும் இந்நகருக்கும் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. இங்கிருந்த தேசிய மகளிர் வைத்தியசாலையில் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் இருந்த பெண்கள் சிலர், தமக்குத் தெரியாமலேயே ஓர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு, உரிய சிகிச்சையின்றி விடப்பட்டனர். 1987இல் சன்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்னும் இரு பெண்கள் சஞ்சிகையொன்றில் அதனை அம்பலப்படுத்தினர். நீதிபதி சில்வியா காட்றைற்றின் விசாரணை அறிக்கை 1988இல் வெளிவந்தது. அதன் விளைவாகவே 1996இல் நோயாளர் உரிமைச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்தது. தனக்கு விளங்கும் மொழியில் விளக்கம் பெறுவதும், தேவையானபோது தகுதிவாய்ந்த உரைபெயர்ப்பாளரைப் பெறுவதும் அதில் ஐந்தாவது உரிமை. அப்பெண்கள் பட்ட துன்பத்தால் கிடைத்த உரிமையை, ஊர் வாய்க்குப் பயந்து நாம் வேண்டாமென்று சொல்லலாமா? உரைபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். என்னைப் போன்ற ஓய்வுபெற்ற வாத்தியாரோ, பாடசாலைப் பிள்ளையோ அந்நாற்காலியில் அமரக்கூடாது. தம்பியின் நோயைப் பற்றித் தாய்க்கு மொழிபெயர்க்கும் பாரத்தைப் பத்து வயது அக்காவின் தலையில் ஏற்றவும் கூடாது.

இரண்டாவது, மாற்றீட்டுக்கு என்பு மச்சை பொருந்தும் வாய்ப்பு உடன்பிறந்தவர் ஒருவரிடம் நான்கில் ஒன்றுதான். அது பொருந்தாவிடின் அந்நியர் ஒருவரைத் தேட வேண்டும். அவ்வாறு பொருந்துபவர் பெரும்பாலும் ஒரே இனவழியினராகவே இருப்பர். நம் குடும்பங்களோ நாலு கண்டங்களில் சிதறியுள்ளன. சென்னையில் 2009 முதல் ‘தாத்திரி’ என்னும் கொடையாளர் பதிவேடு இயங்குகிறது. இந்நாட்டிலும் பதிவேடு உண்டு. நம் இளைஞர்கள் அதில் பெயர் பதிந்தால், முகமறியாத ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு உயிர் கிடைக்கலாம்.

மூன்றாவது, மௌனம். இக்குடும்பம் இரண்டு வருடங்களாகத் தம் உறவினரிடம் ‘காய்ச்சல்’ என்றே சொல்லி வந்தது. கண்ணூறு என்றும், முன்வினை என்றும், மகளின் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கும் என்றும் நாம் பேசுவோம் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் வீண் என்று என்னால் அவர்களுக்கு உறுதி கூற முடியவில்லை. அது நமக்கு வெட்கம். இந்நோய் தொற்றாது. எவரது பாவத்தாலும் வருவதில்லை. வைத்தியசாலையில் இரவு பகல் காத்திருக்கும் தாய்க்கு ஒரு நேரச் சோறு கொண்டுபோங்கள். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவாருங்கள். காரணம் கேட்காதீர்கள்.

அந்த மகன் இப்போதும் சிகிச்சை பெறுகிறான். இரட்டைப் பார்வை நீங்கிவிட்டது. கடைசியாக எடுத்த பாய்பொருளில் நோய்க்கலங்கள் காணப்படவில்லை என்று வைத்தியர் சொன்னபோது நானும் அவ்வறையில் இருந்தேன், மூலையில், வெறும் துணையாக. தாயின் பக்கத்தில் தகுதிபெற்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். ‘இந்தமுறை பார்த்த நீரில் நோய் தெரியவில்லை. சிகிச்சை இன்னும் முடியவில்லை. தொடர்ந்து செய்ய வேண்டும்’ என்று அவர் மூன்று சிறு வாக்கியங்களாகச் சொன்னார். அலங்காரமான சொல் எதுவும் இல்லை. தாய்க்கு ஒவ்வொன்றும் விளங்கியது.

அவன் மீள வேண்டும். எந்தப் பொருளில் இதனை எழுதுகிறேன் என்பதை இம்முறை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த வாரம் சந்திப்போம்.